மச்சங்கள் நடந்த வருடம்

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, ஓடைப்பட்டணம் மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரின் மூக்கு நுனியில் ஐம்பத்துநான்கு வருடமாகக் குடியிருந்த மச்சம் மெல்ல இறங்கி, மேலுதட்டைத் தாண்டி, மோவாயைச் சுற்றி, சட்டைக் காலருக்குள் புகுந்து, முழங்கை வழியாக வெளியே வந்து, அவர் என்னிடம் ஒரு ஃபைலை நீட்டியபோது விரலும் விரலும் பட்ட இடத்தில் என் கைக்கு மாறிவிட்டது. நான் அந்தப் பள்ளியின் கிளார்க், பெயர் சாலமோன். இருபத்திரண்டு வருட வேலையில் தலைமையாசிரியர் கையிலிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பதால், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க மச்சங்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. எள்ளளவு மச்சம், கடுகளவு மச்சம், மிளகளவு மச்சம், பிறக்கும்போதே வந்தது, மீசை முளைத்தபோது வந்தது, பிள்ளை பெற்றபோது வந்தது எல்லாம் எழுந்து, கால் இருக்கிற மாதிரியே தோலின்மேல் நடந்து, தோலும் தோலும் தொட்ட இடத்தில் ஆள் மாறின. மறுநாள் காலை ஏழு இருபது டவுன் பஸ்ஸில் மூன்று மச்சத்தோடு ஏறியவர் ஒன்பது மச்சத்தோடு இறங்கினார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் மனைவி யார் வேண்டுமென்று கேட்டாள். வலிக்கவில்லை, அரிக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. நான்கு நாள் இதையே பேசினோம், ஐந்தாம் நாள் தண்ணீர் லாரி வந்ததால் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம்.

கஷ்டப்பட்டவன் நான்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அங்க அடையாளம் எழுத வேண்டும் என்பது சட்டம். இருபத்திரண்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் மோவாயைத் தூக்கிப் பார்த்து, சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்து, வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு மச்சம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்ததெல்லாம் ஒரே வாரத்தில் பொய்யாகிவிட்டது. நானும் தலைமையாசிரியரும் இரண்டு நாள் யோசித்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘தற்சமயம்’ என்று சேர்த்துக்கொண்டோம். தற்சமயம் வலது கன்னத்தில் ஒரு மச்சம். மேலிடத்திலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

வீடுகளில் கொஞ்சம் சண்டை நடந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மளிகைக்கடைக்காரர் தோளில் எதிர்வீட்டு அம்மாவின் கழுத்து மச்சத்தை அவர் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். மிச்சச் சில்லறை கொடுக்கும்போது தொற்றியது என்று அவர் பைபிள் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்; சில்லறை கொடுத்தால் அது கையில்தானே இருக்கணும், தோள் வரைக்கும் ஏறி உட்காருகிற அளவுக்கு எவ்வளவு நேரம் சில்லறை கொடுத்தீர் என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இப்படிப் பல வீட்டில் நடக்கவே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளி மைதானத்தில் மைக் வைத்து, ‘மேலுதட்டில் இருந்த மிளகளவு மச்சம் ஒன்றைக் காணவில்லை, வைத்திருப்பவர்கள் வேப்பமரத்தடிக்கு வரவும்’ என்று அறிவிக்க ஆரம்பித்தோம். பாதிப்பேர் தங்கள் மச்சத்தைத் தேடி வந்தார்கள், மீதிப்பேர் அடுத்தவர் மச்சத்தில் நல்லதாகப் பார்த்து எடுத்துப்போக வந்தார்கள்.

மச்ச சாஸ்திரம் பார்க்கிற பொன்னையா அண்ணாச்சி பிழைப்புப் போயிற்றென்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து, ஆயுளுக்கும் சேர்த்துப் பலன் சொல்வதை விட்டுவிட்டு மணிக்கணக்கில் சொல்ல ஆரம்பித்தார். காலையில் மூக்கில் மச்சம், கோபம் வரும், பதினோரு மணிக்குமேல் தோளுக்கு இறங்கும், அப்போது போய்ப் பேசு. முன்பு கல்யாணத்துக்குக் கல்யாணம் வந்தவர்கள் இப்போது காலையும் மாலையும் வந்தார்கள்.

புதன்கிழமை தோறும் எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஜில்லாவிலிருந்து தோல் டாக்டர் ஒருத்தி வருவாள். ஹசீனா என்று பெயர், ஆம்பூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். அவளும் ஆச்சரியப்படவில்லை. நாற்காலி ஒன்றும் நோட்டு ஒன்றும் கேட்டாள். ஒவ்வொருவரையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, தட்டையாக இருந்தால் மேக்யூல், மேடாக இருந்தால் பாப்யூல், பெரிதாக ஆழத்தில் உருண்டிருந்தால் நாட்யூல், நீர் கோத்திருந்தால் வெசிக்கிள், சீழ் கோத்திருந்தால் பஸ்டியூல் என்று சொல்லிச் சொல்லி எழுதினாள். வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர்களுக்கு மருந்து மறந்துபோயிற்று, பெயர் மட்டும் மறக்கவில்லை. கறிக்கடை யாக்கோபு நாட்யூல் ஆனார். பள்ளிக்கூடத்தில் பையன்கள், ‘ஏலே பஸ்டியூல்’ என்று திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அது கெட்டவார்த்தையா இல்லையா என்று வாத்தியார்மார் என்னிடம் வந்து கேட்டார்கள்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் சுகிர்தா, ஊரில் சுகிர்தா டெய்லர் என்றால்தான் தெரியும். அவள் மணிக்கட்டில் ஒன்றும் கழுத்தில் ஒன்றுமாக இருந்த இரண்டு மச்சமும் முதல் வாரமே பஸ்ஸோடு போய்விட்டன. ஆனால் வலது உள்ளங்காலில், தையல் மெஷினின் மிதிபலகையில் நாள் முழுக்க அழுந்துகிற இடத்தில், துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மச்சம் இருந்தது. அது நகரவில்லை. ஊரே கிளம்பிப் போனபோதும் அது நகரவில்லை, அவள் காலோடு என் காலை ஒட்டவைத்து அரைமணி நேரம் காத்திருந்தும் நகரவில்லை. இதை நான் பெருமையாக ஆசிரியர் அறையில் சொன்னேன். என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

பொன்னையா அண்ணாச்சி மறுநாளே வந்து, குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “ஊரே ஓடுது, இது மட்டும் உக்காந்திருக்கு பாத்தீங்களா. இதுக்குப் பேரு நிலைமச்சம். இது இருக்கிற வீடு அசையாது, இது இருக்கிற ஊரும் அசையாது” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வந்தார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வந்தார்கள், வெளிநாடு போகிறவன் விமானத்தில் ஏறுமுன் வந்தான். சுகிர்தா ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாள், வந்தவர்கள் ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள் என்று ஒரு பேதமும் இல்லை. வருகிறவர்கள் உட்காரப் பள்ளியிலிருந்து ஒரு பழைய பெஞ்சைக் கொண்டுவந்து போட்டவன் நான்தான். வைகாசியில் ஒரு கல்யாணப்பெண், தன் ரவிக்கை முதுகில் நிலைமச்சத்தை அச்சு அசலாகக் கறுப்பு நூலில் போட்டுத் தரவேண்டும் என்றாள். சுகிர்தா காகிதத்தைக் காலில் வைத்து அளவெடுத்து, வெட்டி, தைத்துக் கொடுத்தாள். அந்த முகூர்த்தத்தில் மட்டும் ஏழு ரவிக்கையில் மச்சம் இருந்தது.

அது பெரிதாகிக்கொண்டு வந்தது. துவரம்பருப்பு புளியங்கொட்டையானது. மச்சம் வளர்ந்தால் வீடு வளரும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, டாக்டர் ஹசீனா ரவிக்கைத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஸ்டூலில் கால் இருந்தது. டாக்டர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வாங்கி, வெகுநேரம் பார்த்தாள். தொட்டுக் கும்பிடத்தான் போகிறாள் என்று பெஞ்சில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

“அக்கா, இது எத்தனை நாளா இருக்கு?”

“பொறந்ததிலேருந்தே இருக்கு டாக்டர்” என்று நான் முந்திக்கொண்டேன்.

சுகிர்தா என்னைப் பார்த்தாள். “இல்ல அத்தான். போன கிறிஸ்துமஸுக்கு முந்துன கிறிஸ்துமஸ்ல, ரோட்டுத் தாரு ஒட்டியிருக்குன்னு மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன். போகல. மச்சம்னு அப்பதான் தெரியும். நீங்க எல்லார்ட்டயும் பொறவியிலயேன்னு சொல்லிட்டீங்க, நான் என்னத்தச் சொல்ல?”

“வளர்ந்திருக்கா?”

“அப்படியேதான் இருக்கு” என்றேன் நான், எதற்கென்று எனக்கே தெரியாமல்.

சுகிர்தா ஒற்றைக்காலில் எழுந்து போய், ரவிக்கை அளவெல்லாம் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்து, வைகாசியில் வெட்டிய அந்தக் காகிதத்தை எடுத்துவந்து காலில் வைத்தாள். காகிதத்தைச் சுற்றிலும் கறுப்புத் தெரிந்தது. விரல் பக்கம் அதிகமாகத் தெரிந்தது.

“ரெண்டு நூல் கூடியிருக்கு” என்றாள். கால் அங்குலத்தை டெய்லர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “என் அளவு தப்பாது டாக்டர்.”

டாக்டர் லென்ஸை என் கையில் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னாள். ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லை. ஓரம் எலி கடித்த துணி மாதிரி இருந்தது. ஒரே கறுப்பு என்று நான் நினைத்திருந்ததில் காப்பிநிறம் இருந்தது, கறுப்பு இருந்தது, ஒரு மூலையில் சாம்பல் கலந்த நீலம் இருந்தது. பதினாறு வருடமாக என் மடியில் எத்தனையோ தடவை இருந்த கால். நான் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

“தோல் ஒரே துணி இல்லக்கா” என்று டாக்டர் சொன்னாள். “மேல்தோல் ஒண்ணு, அதுக்குக் கீழே அடித்தோல், அதுக்கும் கீழே கொழுப்பு. மேல்தோலோட அடிவரிசையிலதான் நிறம் செய்யற செல்லுங்க இருக்கு. அதுங்க கூட்டமா சேர்ந்து சும்மா உட்கார்ந்தா மச்சம். ஊர்ல நடக்குதே, அதெல்லாம் அந்த வகை, எதையும் பிடிச்சுக்கல, அதனால நடக்குது.”

“இது?” என்றாள் சுகிர்தா.

“இது பிடிச்சுக்கிச்சு.”

சுகிர்தா அதைத் தன் கணக்கில் சொல்லிப் பார்த்தாள். “மேல்துணி, லைனிங்கு, அதுக்கடியில பஞ்சு. மத்ததெல்லாம் மேல்துணியில வச்ச ஸ்டிக்கர் பொட்டு. இது லைனிங்கையும் சேத்து வச்சுத் தைக்கு. அப்படித்தான?”

“அப்படித்தான். லைனிங்ல ரத்தக்குழாய் எல்லாம் ஓடுது. அதுல ஏறிட்டா உடம்புல எங்க வேணும்னாலும் போகும். இதுக்குப் பேரு மெலனோமா, புற்றுதான். நம்ம நிறத்து ஆளுங்களுக்கு உள்ளங்கால்லயும் உள்ளங்கைலயும் நகத்துக்கு அடியிலயும்தான் அதிகமா வரும், யாரும் பார்க்காத இடமா பார்த்து வரும். இப்பவே வெட்டி எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. விட்டுட்டா உயிருக்கே ஆபத்து, நான் பொய் சொல்ல மாட்டேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் அழுதுவிட்டேன். சுகிர்தா அழவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குன்னு இருக்கறதே இது ஒண்ணுதான் டாக்டர்” என்றாள். “பதினெட்டு வயசுலேருந்து மெஷின்ல குனிஞ்சிருக்கேன். இந்த ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரு முதுகளவும் எனக்குத் தெரியும். என் மூஞ்சிய ஒருத்தியும் உக்காந்து பாத்ததில்ல, துணியக் குடுத்துட்டு எப்ப வரணும்னு கேட்டுட்டுப் போவாளுவ. இப்பதான் பாக்காளுவ.”

டாக்டர் அவள் காலை மறுபடி மடியில் வாங்கிக்கொண்டாள்.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது, ஆறு மணிக்குப் பொன்னையா அண்ணாச்சி தலைமையில் இருபது பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். “தங்கச்சி, ஊரு மச்சத்துக்கெல்லாம் அச்சாணி அது. அது நிக்கிறதாலதான் மத்ததெல்லாம் ஊரத் தாண்டிப் போகாம சுத்திக்கிட்டிருக்கு. அதப் பிடுங்கிட்டா நாங்க என்ன செய்வோம்? ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்லா?” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலைகளில் முந்தாநாள்வரை என் தலையும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுகிர்தா அந்தக் காகிதத்தை மறுபடி காலில் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி காலை உயர்த்திக் காட்டினாள்.

“அண்ணாச்சி, நின்னுக்கிட்டிருக்குன்னு சொன்னீங்க. பாருங்க, நிக்கல. உள்ள நடக்கு. ஊருக்கு அச்சாணி வேணும்னா வேற காலப் பாருங்க, இது என் காலு.” பிறகு என் பக்கம் திரும்பி, “அத்தான், டாக்டருக்குப் போன் போட்டு, எத்தன இஞ்சு ஓரம் விட்டு வெட்டணும்னு கேளுங்க. இறுக்கி வெட்டிட்டு அப்புறம் பத்தலன்னு சொல்லக்கூடாது” என்றாள்.

சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினார்கள். ஆவணி இரண்டாம் வாரம், ஜில்லா ஆஸ்பத்திரியில். காலில் பள்ளமான இடத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். கவட்டையில் நெறி கட்டுமே, அந்த நிணநீர் முடிச்சு ஒன்றையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. முக்கால் மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கியிருந்தது, நெறி சுத்தமாக இருந்தது. “ஒரு இழை பிந்தியிருந்தா லைனிங் போயிருக்கும்” என்று சுகிர்தா நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒட்டைப் பார்க்க வந்தபோது, ஓரத்தில் தையல் நெருக்கமாக இருக்கிறது, யார் போட்டது, கை நல்ல கை என்று சுகிர்தா பாராட்டினாள்.

மச்சங்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அவள் இல்லாத பதினைந்து நாளும் அவை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. பொன்னையா அண்ணாச்சி தாமாகவே ஆஸ்பத்திரிக்கு இரண்டு டஜன் பழத்தோடு வந்து, வாசலிலேயே நின்று, உள்ளே வரத் தயங்கி, பழத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்குத் திரும்பியவர் சாஸ்திரத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டார். நடக்கிற மச்சம் நல்ல மச்சம், உட்கார்ந்த மச்சத்தை டாக்டரிடம் காட்டு. புதன்கிழமை காலையில் ஓடைப்பட்டணத்துக்கு வந்தீர்களென்றால் கடைத்தெருவில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்து, விரலிடுக்கையும் நகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். மளிகைக்கடைக்காரரும் அவர் மனைவியும்கூட அப்படித்தான் சமாதானமானார்கள். ‘மச்சம்தான் உனக்கு’ என்று யாரையாவது வாழ்த்துவதை விட்டுவிட்டு, ‘நகரட்டும்’ என்று வாழ்த்த ஆரம்பித்தோம். கல்யாண வீட்டில்கூட அதைத்தான் சொன்னார்கள்.

ஆனாலும் டாக்டர் சொல்லியிருந்தாள். வந்தது திரும்பவும் வரலாம், ஐந்து வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் நான் அவள் உள்ளங்காலைப் பார்ப்பேன். ஒட்டுப் போட்ட இடம் பழைய வேட்டி நிறத்தில் ஆறிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்காமல் எனக்கு அன்றைய நாள் தொடங்காது.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒட்டின் ஓரத்தில், கறுப்பாக, எள்ளளவில் ஒரு புள்ளி இருந்தது.

துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. போன் போட்டதும் டாக்டர், “இடத்தைக் குறிச்சு வைங்க சார், நான் கிளம்பி வரேன்” என்றாள். சுகிர்தா தையல் சாக்கட்டியை எடுத்து, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டம் வட்டமாகத்தான் இருந்தது. “நடந்தா நல்லது. நிக்கிதான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டுக் காலை ஸ்டூலில் வைத்தாள். எட்டு மணி.

எட்டரைக்கு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். ஒன்பதுக்குத் தெரு வந்தது. ஒன்பதரைக்கு நான் பள்ளிக்கு வராததைப் பார்த்துத் தலைமையாசிரியரே வந்து, விஷயம் தெரிந்ததும் ஒரு மூலையில் நின்றுகொண்டார். கறிக்கடை யாக்கோபு கத்தியைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டார். பொன்னையா அண்ணாச்சி வந்து, பலன் ஒன்றும் சொல்லாமல், தரையில் உட்கார்ந்தார். ஏழு இருபது பஸ் டிப்போவுக்குத் திரும்புகிற வழியில் எங்கள் தெருமுனையில் நின்றது, யாரும் இறங்கச் சொல்லாமலேயே எல்லோரும் இறங்கி வந்தார்கள். முதலில் ஒரு சின்னப்பிள்ளைதான் சொன்னது, “நகரு.” பிறகு அதன் அம்மா சொன்னாள். பிறகு எல்லோரும், சத்தமில்லாமல், உதட்டுக்குள்ளேயே, நகரு, நகரு, நகரு என்று சொன்னோம். ஜெபமாலை உருட்டுகிறவர்கள் உருட்டினார்கள், விபூதி வைத்தவர்கள் கண்ணை மூடினார்கள். பத்து மணி ஆயிற்று. புள்ளி அப்படியே இருந்தது. நான் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தேன். அன்று அந்த முகத்தை ஊரே பார்த்தது, காலைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பத்து மணி இருபது நிமிடத்துக்குப் புள்ளி அசைந்தது.

கொஞ்சம் தயங்கியது. பிறகு வட்டத்தின் ஓரம் வரைக்கும் நடந்து, சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி, குதிகாலைச் சுற்றி, கணுக்காலில் ஏறி, சேலைக்குள் போய்விட்டது.

ஊர் போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். யாக்கோபு கத்தியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார், அதில் என் மச்சம் நான்கும் அவருக்குப் போய்விட்டன. ஒரு அம்மா, அது தன் மாமியார் மச்சம், நேற்று ரவிக்கை அளவு கொடுக்க வந்தபோது விட்டிருக்கும் என்றாள்; வேண்டாம், சுகிர்தாவே வைத்துக்கொள்ளட்டும் என்றும் உடனே சொன்னாள். நான் எல்லோர் முன்னாலும் சுகிர்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

“அழுகைய நிறுத்துங்க அத்தான்” என்றாள் அவள், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்குப் பசிக்கி.”

அப்போதுதான் எல்லோருக்கும் பசித்தது. டாக்டர் ஹசீனா பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தபோது தெரு முழுக்கத் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எதற்கும் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அன்று எங்கள் தெருவில் இட்லி பற்றவில்லை.